ராயபுரத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு பள்ளிக்கூடமாகிறது: எதை இடிக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

கல்மண்டபம் வாசி (கேள்வி)

வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் நிதியுதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்று. அதன் பின்மதிலை ஒட்டிய பழைய வீடு இப்போது பள்ளி அறக்கட்டளைக்கு வந்திருக்கிறது. வயது நூறுக்கு மேல். 22 அடி முகப்பு, 110 அடி நீளம். திண்ணை, ரேழி, நடுவில் 12க்கு 14 அடி முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்கட்டு, அதற்கும் பின்னால் கிணறும் காலி இடமும். கீழே நான்கு அறை, மச்சில் (மாடியில்) நான்கு அறை. ஒவ்வொன்றும் 10க்கு 16 அடி. கிழக்குச் சுவர் பக்கத்து வீட்டோடு பொது.

சுவர் 18 அங்குலம், சுண்ணாம்புக் கட்டு. இரண்டு தளமும் மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டை வரிசைமேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, மேலே சுண்ணாம்பு ஜல்லி அடித்த தளம். 3க்கு 6 அங்குலத் தேக்குக் கட்டைகள் ஒன்றரை அடி இடைவெளியில் 10 அடிப் பக்கமாகப் போகின்றன. மச்சுத் தரையில் பிற்காலத்தில் சிமெண்ட் போட்டு மொசைக் ஒட்டியிருக்கிறார்கள். மொட்டைமாடி இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. கீழே நாலடி உயரம் வரை சிமெண்ட் பூச்சு, அது உப்புப் பூத்து உதிர்கிறது. தெரு ரோடு திண்ணைக்குச் சமமாக ஏறிவிட்டது.

ஒப்பந்தக்காரர் சொல்வது: பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு நடுச் சுவரை எடுத்து 20க்கு 16 வகுப்பறை ஆக்குவது, டெரஸை உடைத்து கான்கிரீட் தளம் போடுவது, முற்றத்தை மூடி பிரேயர் ஹால், கீழே ஒரு அடி மண்ணடித்து கான்கிரீட் தரை, சுவர் முழுக்க வாட்டர்ப்ரூஃப் சிமெண்ட் பூச்சு. 120 பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

இதில் எது சரி, எது தவறு? எந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும்?

---

இன்ஜினியர் தண்டையார்பேட்டை

முதலில் நடுச் சுவர். கட்டை 10 அடிப் பக்கமாகப் போகிறது என்றால் இரண்டு அறைக் கட்டைகளும் வந்து உட்காருவது அந்தச் சுவரில்தான். மச்சுத் தளம், மொட்டைமாடி, மேல்மாடிச் சுவரின் சொந்த எடை எல்லாம் கூட்டினால் ஓடும் மீட்டருக்கு ஏழரை டன் வருகிறது. 16 அடிக்கு 36 டன்னுக்கு மேல். முழுச் சுவரையும் எடுக்கும் பேச்சே வேண்டாம்.

5 அடி அகல வாசல் திறக்கலாம். இரண்டு பக்கமும் ஐந்தரை அடிச் சுவர் நிற்கும், ஒரே ஆசிரியர் இரண்டு பாதியையும் பார்க்கலாம். அதைத் திறக்கும் முறைதான் முக்கியம். இரண்டு பக்கமும் கட்டைகளுக்கு முட்டு கொடுத்துவிட்டு, ஒரு முகத்தில் மட்டும் பாதிக் கனத்துக்குக் காடி வெட்டி ஒரு ஐ.எஸ்.எம்.சி. 150 சேனலை (150 மிமீ உயரமுள்ள 'ப' வடிவ இரும்பு) நுழையுங்கள். இரண்டு முனையிலும் 9 அங்குலம் சுவருக்குள் உட்கார வேண்டும். சேனலுக்கு மேலுள்ள இடைவெளியில் உதிரிப் பதத்தில் பிசைந்த காரையைக் குத்தித் திணித்து ஒரு வாரம் விடுங்கள். அதன்பிறகு மறுமுகத்தில் இரண்டாவது சேனல். இரண்டையும் போல்ட்டால் இறுக்கிய பிறகே கீழே செங்கல்லை எடுக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு முகத்தையும் வெட்டினால் மேல்சுவர் இறங்கி 45 டிகிரியில் வெடிப்பு ஓடும். பொதுச்சுவரில் இந்த வேலையே கூடாது. பக்கத்து வீட்டுக் கட்டையும் அதில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது சுமை. பலர் சறுக்குவது இதில்தான். கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதிப்படி வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ, வகுப்பறைக்கு 300, பள்ளித் தாழ்வாரம், மாடிப்படி இரண்டுக்கும் 400, நூலகப் புத்தக அடுக்கு அறைக்கு 600. வீடாக நூறு வருஷம் நின்றது என்பது இங்கே சாட்சி ஆகாது.

உங்கள் அளவுக்கே கணக்குப் போடுவோம். மெட்ராஸ் டெரஸின் சொந்த எடை சதுர மீட்டருக்குச் சுமார் 450 கிலோ. 3க்கு 6 தேக்குக் கட்டை, 3 மீட்டர் நீளம், 45 செமீ இடைவெளி. வளையும்போது மரம் தாங்கும் இறுக்கம் சதுர மில்லிமீட்டருக்கு 12 நியூட்டன் என்று வைத்தால், தாங்குவது சதுர மீட்டருக்கு மொத்தம் 665 கிலோ. 450 போக மிஞ்சுவது 215. வீட்டுக்குச் சரி, வகுப்பறைக்குப் போதாது. மச்சில் போட்ட சிமெண்ட், மொசைக் இரண்டும் சேர்ந்து இரண்டரை அங்குலம் இருந்தால் அது மட்டும் 145 கிலோ. அப்படியானால் இப்போது கையிருப்பு 70 கிலோதான்.

ஆகவே மொசைக்கைப் பெயர்த்து எடுப்பது முதல் வேலை. கையுளி, சுத்தியல் போதும். சிப்பிங் மெஷினைக் கொண்டுவந்தால் அதிர்விலேயே கீழே தளச் செங்கல் கழன்று விழும். அதற்குப் பிறகும் வகுப்பறைக்கு 85 கிலோ குறைகிறது. அதைச் சரிக்கட்ட, 10 அடியின் நடுவில் குறுக்காக, 16 அடி நீளவாக்கில் ஒரு இரும்பு கர்டர். ஐ.எஸ்.எம்.பி. 250 (250 மிமீ உயர 'ஐ' வடிவ உத்தரம்) போட வேண்டும். 200 போட்டால் இரும்பில் ஏறும் இறுக்கமே அளவை மிஞ்சுகிறது. 225 தாங்கும், ஆனால் 17 மிமீ தொய்யும். மீட்டருக்கு 37.3 கிலோ என்று 5.4 மீட்டருக்கு 200 கிலோ. செயின் பிளாக் இல்லாமல் தோளில் ஏற்ற நினைக்க வேண்டாம். முனைகளை நேராகச் செங்கல்லில் வைக்காமல் 60க்கு 23 செமீ, 15 செமீ உயரக் கான்கிரீட் மெத்தைக் கல் மேல் வையுங்கள். கடற்காற்று இருக்கும் இடம், எனவே துத்தநாகப் பிரைமர் இரண்டு கோட்.

கர்டருக்கும் கட்டைக்கும் நடுவே சந்து இருந்தால் சுமை கர்டருக்குப் போகாது. ஒவ்வொரு கட்டையின் கீழும் தேக்கு ஆப்பு இறுக்க வேண்டும், அதுவும் மொசைக்கின் சுமையை எடுத்த பிறகு.

கட்டைகளின் நடுப்பகுதி அநேகமாக நன்றாகவே இருக்கும். கெடுவது சுவருக்குள் இருக்கும் முனை. சுவரையொட்டி மெல்லிய திருப்புளியைக் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் முனை மக்கியிருக்கிறது. சுத்தியலால் தட்டினால் நல்ல கட்டை 'டங்' என்னும், மக்கியது 'பொத்' என்னும். மக்கிய முனைக்கு முழுக் கட்டையை மாற்ற வேண்டியதில்லை. நல்ல மரம் வரும் வரை அறுத்துவிட்டு, புதுத் துண்டு வைத்து இரண்டு பக்கமும் 6 மிமீ பிளேட், நான்கு 12 மிமீ போல்ட். இரண்டு முனையும் போன கட்டையை மட்டும் மாற்றுங்கள். மூலக்கடை, மாதவரம் பக்க மரவாடிகளில் இடித்த வீட்டுத் தேக்கு கேட்டால் கிடைக்கும். புது மரத்தைவிட நன்றாகக் காய்ந்திருக்கும். ஆணித்துளைகளைப் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவு செய்தாலும் 120 பேர் என்பது இடத்தால் ஒத்துவராது. 10க்கு 16 அடி என்பது 15 சதுர மீட்டர். தலைக்கு ஒரு சதுர மீட்டர் என்றால் அறைக்கு 15 பிள்ளைகள். கீழே 60 பேர். மச்சில் இரண்டு அறைக்குக் கர்டர் போட்டு 30 பேர், மற்ற இரண்டும் ஆசிரியர் அறை, அலுவலகம். நூலகம் எந்தக் காரணம் கொண்டும் மாடியில் வேண்டாம். 90 பேருக்குத் திட்டம் போடுங்கள்.

---

சுண்ணாம்புக் காளவாய்

மேலே சொன்ன கணக்கு சரி. பூச்சையும் தரையையும் பற்றி நான் சொல்கிறேன்.

உப்புப் பூத்து உதிர்வதற்குக் காரணம் அந்த நாலடி சிமெண்ட் பூச்சேதான். ராயபுரத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது, அதிலும் உப்பு. பழைய செங்கல் சுவர் அந்த ஓதத்தை (ஈரத்தை) உறிஞ்சி வெளிக்காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் பூசி வழியை அடைத்தால் ஓதம் இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல் முகத்தையே பொரித்துத் தள்ளும். வாட்டர்ப்ரூஃப் சிமெண்டை ஆறடிக்குப் பூசினால் மூன்றாவது வருஷம் எட்டடியில் கறை தெரியும். தரைக்கும் இதே கதைதான். ஒரு அடி மண்ணடித்துக் கான்கிரீட் போட்டால் நடுத்தரையில் வெளியேறிய ஈரம் எல்லாம் சுவருக்கு ஒதுங்கும். வாசல் உயரமும் ஒரு அடி போய்விடும்.

ரோடு ஏறிய பிரச்சினைக்கு வேறு வழி: ரேழி வாசலில் 9 அங்குலக் கல்படி அணை, அதற்கு உட்புறம் மூடி போட்ட சிறு தொட்டி, மிதவை சுவிட்ச் வைத்த மோட்டார். உள்ளே சுவரோரமாக ஒரு அடி அகலத்துக்குத் தரையைத் தோண்டி முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி, மேலே இடைவெளி விட்ட கடப்பைக் கல் பாவினால் ஓதம் அங்கேயே மூச்சுவிடும்.

பழைய சிமெண்ட் பூச்சைக் கறைக்கு மேலே இன்னும் மூன்றடி வரை கொத்தி எடுங்கள். மூட்டுகளை ஓர் அங்குல ஆழம் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். சுவரைக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் வெறுமனே விடுங்கள். அதன்பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அரை அங்குலம் அரை அங்குலமாக இரண்டு கோட், நடுவில் பத்து நாள். கீழ் மூன்றடிப் பூச்சு சில வருஷத்தில் உப்பு தின்று மறுபடி உதிரும், உதிரட்டும். செங்கல்லுக்குப் பதில் தன்னைக் கொடுப்பதுதான் அதன் வேலை. அந்தப் பகுதியை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

கலவை: நீற்றிய சுண்ணாம்பு 1, மணல் 2, செங்கல் தூள் 1. சுட்ட கற்சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி ஒரு மாதம் ஊற விட்டால் நல்லது. அவசரத்தில் மூன்று நாளில் எடுத்தால் உள்ளே நீறாத கட்டி இருக்கும், அது சுவரில் போய் நீறிக் கொப்புளமாக வெடிக்கும். சுண்ணாம்பில் சேர்க்கும் கடுக்காய் நீருக்கு 100 லிட்டருக்கு 5 கிலோ கடுக்காய், 5 கிலோ பனைவெல்லம் என்பது ஒரு கணக்கு. இரண்டு வாரம் புளிக்க வேண்டும். கடுக்காயை ராசப்பச் செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் மூட்டையாக வாங்கலாம். தண்ணீர் மட்டும் அங்கே இருக்கும் கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ எடுக்காதீர்கள். உப்பை விலைகொடுக்காமல் சுவருக்குள் கொண்டுபோய் வைப்பது அது. மெட்ரோ வாட்டர் லாரி சொல்லிவிடுங்கள். கடல் மணலுக்கும் இதே பேச்சு. மேஸ்திரி "சீக்கிரம் இறுகும் சார்" என்று இரண்டு சட்டி சிமெண்ட் சேர்க்கப் பார்ப்பார். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

கடற்காற்றில் பூச்சு மேல்தோல் மட்டும் வேகமாகக் காய்ந்து நுண்வெடிப்பு விடும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு இரண்டு வாரம் நனையுங்கள். மேலே எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் செய்த வேலை அத்தனையும் வீண். சுண்ணாம்பு வெள்ளை மூன்று கோட்.

மொட்டைமாடி ஒழுகலுக்கு: முதலில் ஒரு மூலையில் அரை அடிச் சதுரம் வெட்டிப் பாருங்கள், எத்தனை அடுக்கு என்று தெரியும். இந்த மாதிரி வீடுகளில் ஒழுக ஒழுக மேலே ஒரு அடுக்கு போட்டுக்கொண்டே வந்திருப்பார்கள். நாலு அங்குலம் கூடுதல் என்றால் சதுர மீட்டருக்கு 200 கிலோ வெட்டிச் சுமை. எல்லாவற்றையும் தளச் செங்கல் வரை எடுத்துவிட்டு, இரண்டரைப் பங்கு செங்கல் ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்புச் சாந்து கலந்து நாலு அங்குலம் பரப்புங்கள். கடுக்காய் நீர் தெளித்து மரக்கட்டையால் அடித்து மூன்று அங்குலத்துக்குக் கொண்டுவர வேண்டும். எத்தனை நாள் அடிப்பது என்று கேட்பார்கள். கட்டை துள்ளி எழும்ப வேண்டும், சுண்ணாம்புப் பால் மேலே கசிய வேண்டும், அதுவரை. அதற்கு மேல் தட்டோடு இரண்டு வரிசை, மூட்டு மாற்றி. வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலம்.

முற்றத்தை மூட வேண்டாம். மூடினால் நான்கு அறையும் இருட்டு, காற்று இல்லை, ஓதம் போக வழியில்லை. பறவை வலை போதும். ஆனால் அதன் வடிகாலைக் கணக்குப் பாருங்கள். மணிக்கு 100 மிமீ மழையில் 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டர் கூரைக்குத்தான் போதும். முற்றத்தைப் பார்த்துச் சரியும் கூரை 120 சதுர மீட்டர் என்றால் மூன்று குழாய். தரைக்கடியில் இருக்கும் பழைய ஒற்றைக் குழாயை நம்பினால் டிசம்பரில் வகுப்பறைக்குள் தண்ணீர்.

---

டிராஃப்ட்ஸ்மேன் 44

எல்லாரும் பழைய டெரஸையே காப்பாற்றப் பார்க்கிறீர்கள், ஒப்பந்தக்காரர் சொன்ன கான்கிரீட் தளத்தை யாரும் பேசவே இல்லை. 5 அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 312 கிலோதான், தரைப் பூச்சோடு 410. மெட்ராஸ் டெரஸ் 450. எடையில் கான்கிரீட்தான் லேசு. கரையான் கிடையாது, தீப்பிடிக்காது, நான்கு சுவரையும் சேர்த்துக் கட்டிப் பிடிக்கும். 2002 நிலநடுக்க விதியில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு (மிதமான ஆபத்துப் பகுதி) வந்துவிட்டது. பிள்ளைகள் உட்காரும் இடம். கட்டையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

---

இன்ஜினியர் தண்டையார்பேட்டை

எடை பற்றிச் சொன்னது உண்மை. "கான்கிரீட் பாரம் தாங்காது" என்று பொதுவில் சொல்வதுதான் தவறு. சிக்கல் வேறு இடத்தில். தளத்தைப் போட முதலில் பழையதைப் பிரிக்க வேண்டும். பிரித்த நாள் முதல் தளம் இறுகும் நாள் வரை 13 அடி உயரச் சுண்ணாம்புச் சுவர் மேல்பிடிப்பு இல்லாமல் தனியாக நிற்கும், பொதுச்சுவரும் சேர்த்து. ஒரு மழைக் காற்றுப் போதும். இரண்டாவது, வெயிலில் மேல்தளம் நீளும். 12 மீட்டருக்கு 3 மிமீக்கு மேல். சிமெண்ட் சுவர் என்றால் சுவரும் தளமும் ஒட்டிக்கொண்டு சமாளிக்கும். சுண்ணாம்புச் சுவரில் தளத்துக்குக் கீழே படுக்கை வெடிப்பாக ஓடிவிடும்.

கட்டைகள் பாதிக்கு மேல் மக்கிப்போன அறை இருந்தால் அங்கே மட்டும் போடலாம். சுவர்த்தலையில் 15 செமீ உயரக் கான்கிரீட் பட்டை நான்கு பக்கமும் சுற்றி, நன்றாக மட்டமாக்கி, தளம் வழுக்கி நகர இரண்டு மடிப்பு பாலித்தீன் தாள், அதன்மேல் தளம். ஒரு அறை முடிந்து முட்டு பிரித்த பிறகே அடுத்தது.

கட்டிப் பிடிப்பது என்ற உங்கள் கவலைக்கு மெட்ராஸ் டெரஸிலேயே வழி உண்டு. சுவரோரக் கட்டைகளைச் சுவரோடு 50க்கு 6 மிமீ இரும்புப் பட்டையால் இரண்டு மீட்டருக்கு ஒன்று பிணைத்து, வெளிமுகத்தில் பிளேட் வைத்து இறுக்கலாம். செலவும் குறைவு.

இன்னொன்று: ரீபவுண்ட் சுத்தியல் (தட்டினால் துள்ளும் அளவை எண்ணாகக் காட்டும் கருவி) தட்டி "சுவர் உறுதி" என்று அறிக்கை கொடுப்பவர்களை நம்ப வேண்டாம். அது கான்கிரீட்டுக்கான கருவி, சுண்ணாம்புக் கட்டில் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. வெடிப்புகளின் குறுக்கே கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, மேலே தேதி எழுதி, மூன்று மாதம் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் நகர்கிறது என்று பொருள்.

---

கோப்புக்காரர்

கட்டடம் தயாராகி, காகிதத்தில் மாட்டிக்கொள்வது நிறைய. வரிசையைச் சொல்கிறேன்.

வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் 2010இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்போடு 467 கட்டடங்கள் கொண்ட பட்டியல் வந்தது. அதில் இருந்தால் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின்) பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு செங்கல்லையும் அசைக்கக் கூடாது. இல்லாவிட்டாலும் குடியிருப்பிலிருந்து கல்வி நிறுவனத்துக்குப் பயன்பாட்டு மாற்றம், 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்கீழ் அனுமதி இரண்டும் வேண்டும். மெட்ரிக் பள்ளிக்கு மாநகராட்சி எல்லையில் 6 கிரவுண்ட் என்ற அளவுகோல் வெகுநாளாகப் புழக்கத்தில் உள்ளது. நீங்கள் புதுப் பள்ளி தொடங்கவில்லை, இருக்கும் பள்ளியின் கூடுதல் கட்டடம். விண்ணப்பத்தில் அப்படியே காட்டுங்கள், இரண்டு மனையையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள்.

பிறகு நான்கு சான்று: கட்டட உறுதி, 1965 பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி உரிமம், சுகாதாரம், தீயணைப்பு. 2004 கும்பகோணம் தீ விபத்துக்குப் பிறகு தீயணைப்பு ஆய்வில் சலுகை கிடையாது, கிடைக்கவும் கூடாது. 94 பிள்ளைகள் போனார்கள்.

உங்கள் வீட்டில் அவர்கள் முதலில் பார்ப்பது மாடிப்படி. பழைய வீட்டுப் படி இரண்டரை மூன்றடி அகலம், செங்குத்து. பள்ளிக்கு ஒன்றரை மீட்டர் அகலம், படி அகலம் 30 செமீ, உயரம் 15 செமீ, ஒரே ஓட்டத்தில் 12 படிக்கு மேல் கூடாது. 13 அடி உயர மாடிக்கு 27 படி, 9, 9, 9 என்று மூன்று ஓட்டம். சுமார் 13க்கு 18 அடி இடம் வேண்டும். பின்கட்டுக் காலி இடத்தில்தான் அது அமையும். பழைய படியை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பழைய வீட்டுக் கதவெல்லாம் உள்பக்கம்தான் திறக்கும், கீலை மாற்ற நிலையையே திருப்ப வேண்டியிருக்கும். மழலையர், முதல் வகுப்பு கீழ்த்தளத்திலேயே. ஒயரிங் முழுக்கப் புதிது, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். மரக் கூரையில் பழைய ஒயரை விட்டுவைப்பது நெருப்பைக் கட்டி வைப்பது மாதிரி.

கழிப்பறை 40 பிள்ளைக்கு ஒன்று. மெட்ராஸ் டெரஸ் மேல் கழிப்பறையோ தண்ணீர்த் தொட்டியோ வைக்காதீர்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன். புதுப் படிக்கட்டுக் கோபுரத்தின் மேல் வையுங்கள்.

யாரும் இதுவரை சொல்லாத ஒன்று: பழைய கதவு ஜன்னல் பெயிண்டில் ஈயம் இருக்கும். பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகளை உலர்ந்த எமரித் தாளால் தேய்த்தால் தூள் அறை முழுக்கப் பரவும், பிள்ளை கைவழியாக வாய்க்குப் போகும். எரித்து உரிப்பதும் வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி, கீழே விரித்த தார்ப்பாயோடு சுருட்டிக் கட்டி அகற்றுங்கள். பள்ளி நடக்கும்போது இந்த வேலை கூடாது.

---

கல்மண்டபம் வாசி

அனைவருக்கும் நன்றி. பட்டியலில் வீடு இல்லை, பார்த்துவிட்டோம். மொசைக் இரண்டரை அங்குலமேதான். இரண்டு சந்தேகம். புதுப் படிக்கட்டுக்கு அடித்தளம் தோண்டினால் பழைய சுவருக்கு ஆபத்தா? கரையானுக்கு என்ன செய்வது, பின்கட்டு நிலைக்கதவில் மண்கோடு தெரிகிறது.

---

இன்ஜினியர் தண்டையார்பேட்டை

ஆபத்துதான், கவனமாகச் செய்யாவிட்டால். அங்கே கடல் மணல். பழைய சுவரின் அடித்தளம் மூன்று நான்கு அடிதான் இருக்கும். முதலில் ஒரு ஓரத்தில் சின்னக் குழி தோண்டி அதன் அடிமட்டம் எங்கே என்று பாருங்கள், புதுக் குழி அதைத் தாண்டி இறங்கக் கூடாது. தண்ணீர் ஊறினால் மோட்டார் போட்டு இறைப்பார்கள், தண்ணீரோடு மணலும் வரும், சுவர் இறங்கும். தண்ணீர் மட்டம் தாழ்ந்திருக்கும் மே, ஜூனில் தோண்டுங்கள். படிக்கட்டைச் சொந்தத் தூண்களில் நிறுத்தி, வீட்டுக்கும் அதற்கும் 2 அங்குலச் சந்து விடுங்கள். சுவரில் ஒரு கம்பியும் செருக வேண்டாம்.

கரையானுக்கு, கட்டி முடித்த கட்டடங்களுக்கான கரையான் தடுப்புத் தரநிலை ஐ.எஸ். 6313 மூன்றாம் பகுதி சொல்வது: சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மிமீ துளை, அடிக்கு ஒன்று, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்து, உறிஞ்சுவது நிற்கும் வரை. துளையை அடைத்துவிட வேண்டும். கிணற்றை ஒட்டிய சுவரில் மருந்து வேண்டாம், அங்கே மண்கோட்டைச் சுரண்டி மரத்துக்கு மட்டும் பூசுங்கள். மக்கிய நிலைக்கு அடியில் கருங்கல் துண்டு வைத்து மரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எல்லாம் முடிந்து, மேஜை போடும் முன் மச்சு வகுப்பறையைச் சோதித்துவிடுங்கள். 300க்கு 1.25 மடங்கு, சதுர மீட்டருக்கு 375 கிலோ. 15 சதுர மீட்டருக்கு 50 கிலோ மணல் மூட்டை 112. கீழே தளத்துக்கு 2 அங்குலம் தள்ளி முட்டு நிற்கட்டும், தவறினால் பிடிக்கும். 24 மணி நேரம் விட்டு, எவ்வளவு தொய்ந்தது என்று அளந்து, மூட்டையை எடுத்து இன்னொரு 24 மணி நேரத்தில் முக்கால் பங்காவது திரும்புகிறதா பாருங்கள். கான்கிரீட் சோதனையின் முறைதான், கட்டைக்கும் பயன்படும். மூட்டைகளை வாசலோரம் குவித்துவைத்து ஒவ்வொன்றாகப் பரப்பாதீர்கள். குவியல் நிற்கும் இடத்தில்தான் கட்டை முறியும். சுவரோரத்திலிருந்து நடுவுக்கு, வரிசையாக.

---

சுண்ணாம்புக் காளவாய்

மாதக் கணக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து ஜனவரியில் சுவர்ச் சிமெண்டைக் கொத்தி விடுங்கள், சுவர் காயட்டும். அதே மாதம் சுண்ணாம்பும் நீற்றிப் போடுங்கள். பிப்ரவரியில் மொசைக்கும் கட்டை வேலையும், கர்டரும். மொட்டைமாடியைப் பிப்ரவரி கடைசியில் திறந்து ஏப்ரலுக்குள் அடித்து முடிக்க வேண்டும், ஒரு அறை அளவுக்கு மட்டும் திறந்து, மூடி, அடுத்தது. பூச்சு கடைசி. ஜூனில் பள்ளி திறக்கும் முன் கீழ்த்தளம் கிடைக்கும், மச்சு அடுத்த வருஷத்துக்குத்தான்.

டெரஸ் பிரிக்கும்போது தளச் செங்கல்லை, அந்த 6க்கு 3 அங்குலம், ஓர் அங்குலத் தடிமன் உள்ள சின்னச் செங்கல்லை, ஆட்கள் குப்பையோடு லாரியில் ஏற்றிவிடுவார்கள். அது புதிதாகச் சுட்டுக் கிடைப்பது கஷ்டம். குத்துவாக்கில் அடுக்கச் சதுர அடிக்கு 16, ஒரு அறைக்கு 2,560 வேண்டும். பிரிக்கப் பிரிக்க எண்ணித் தாழ்வாரத்தில் அடுக்கச் சொல்லுங்கள்.